தமிழில் ஆய்வேடும் நூலும் எழுத எது ஏற்றது? வேர்ட், லிப்ரே ஆபிஸ் ரைட்டர், கூகுள் டாக்ஸ்: ஓர் ஒப்பீடு

முனைவர் பட்ட ஆய்வேட்டையோ நூலையோ தமிழில் எழுதத் தொடங்குவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, எந்த மென்பொருளில் எழுதுவது என்பதுதான். பெரும்பாலானோர் முன் இருப்பவை மைக்ரோசாஃப்ட் வேர்ட், லிப்ரே ஆபிஸ் ரைட்டர், கூகுள் டாக்ஸ் என்ற மூன்று. மூன்றிலும் தமிழைத் தட்டச்சு செய்யலாம், பி.டி.எஃப். எடுக்கலாம்; பத்துப் பக்கக் கட்டுரை என்றால் எதில் எழுதினாலும் வேலை முடிந்துவிடும். பக்கங்கள் முந்நூறை நெருங்கும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. நெறியாளர் திருத்தி அனுப்பிய பிரதியில் எழுத்தளவு மாறியிருக்கும். ஓர் இயலை முன்னே நகர்த்தியதும் பொருளடக்கத்தின் பக்க எண்கள் பொய்யாகிவிடும். அச்சகத்தில் கொடுத்த கோப்பு அங்கே கட்டங்கட்டமாகத் திறக்கும்.

கோப்பு கடைசியாக யார் கையில் போய் முடியப்போகிறது என்பதை வைத்தே இந்தத் தேர்வைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுதுவதற்கு எது வசதி என்பது அதற்கு அடுத்த கேள்வி. எழுதும் காலத்தில் கோப்பு நம்மிடம்தான் இருக்கிறது, நம் பழக்கத்துக்கு ஏற்ப எதையும் சமாளித்துக்கொள்ளலாம். சிக்கல் தொடங்குவது அது நெறியாளருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அச்சகத்துக்கும் போகும்போது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், மென்பொருள் தமிழை நடத்தும் விதம். எழுத்து உடையாமல் தெரிந்தால் மட்டும் போதாது. தமிழ் எழுத்துருவையும் அளவையும் ஒருமுறை சொன்னால் அது நிலைத்து நிற்கிறதா, தேடினால் சொல் கிடைக்கிறதா, அகரவரிசை நம் நெடுங்கணக்கின்படி வருகிறதா என்பனவற்றையும் பார்க்க வேண்டும். அகரவரிசைக்கு ஓர் எளிய சோதனை உண்டு. மனம், மறை, மழை, மரம், மளிகை, மல்லி என்ற ஆறு சொற்களை வரிக்கு ஒன்றாக எழுதி வரிசைப்படுத்திப் பாருங்கள். மரம், மல்லி, மழை, மளிகை, மறை, மனம் என்று வந்தால் நெடுங்கணக்கு முறை சரியாக இருக்கிறது. மனம் முதலிலும் மழை கடைசியிலும் வந்தால், அந்த மென்பொருளோ அதில் நீங்கள் தேர்ந்த மொழி அமைப்போ ஒருங்குறி (யூனிகோடு) எண்களின் வரிசையில் அடுக்குகிறது என்று பொருள்; ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகரம் ழகரத்துக்கு முன்பும் இருக்கின்றன. கலைச்சொல் பட்டியலும் துணைநூற்பட்டியலும் இணைக்கப் போகிறவர் இந்தச் சோதனையைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும்.

இரண்டாவது, நீண்ட ஆவணத்துக்குரிய உறுப்புகள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பொருளடக்கம், அடிக்குறிப்பு, "மூன்றாம் இயல், பக்கம் 94 காண்க" என்பது போன்ற உட்குறிப்புகள், நூலின் இறுதியில் வரும் சொல்லடைவு, முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும் உள்பக்கங்களுக்கு வழக்கமான எண்ணும் இடும் வசதி ஆகியன இதில் அடங்கும். மூன்றாவது, நெறியாளர், மெய்ப்புத் திருத்துபவர், உடன் ஆய்வாளர் முதலியோர் திருத்துவதற்கான வழி. நான்காவது, கோப்பு சென்று சேரும் இடம் எதைக் கேட்கிறது என்பது. ஐந்தாவது, செலவு; இதில் பணத்தைவிட நேரமும், கோப்பு கெட்டுப்போகும் அபாயமும்தான் பெரியவை.

## ஒப்பிடும் முன் ஸ்டைல் பற்றி

எழுத்துரு, அளவு, உள்தள்ளல் முதலியவற்றை ஒரு பெயரின்கீழ் சேர்த்துவைக்கும் அமைப்பே ஸ்டைல். எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் அதைப் பயன்படுத்தாமல் எழுதினால் தேர்வினால் பயனே இல்லை. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைப்பைத் தேர்ந்தெடுத்துத் தடித்த எழுத்தாக்கி, அளவை 16 என்று வைத்து, நடுவில் நிறுத்தினால் அது கண்ணுக்குத் தலைப்பாகத் தெரியும். மென்பொருளுக்கோ அது பெரிய எழுத்தில் உள்ள இன்னொரு பத்திதான். அதையே "ஹெடிங் 1" என்ற ஸ்டைலில் அமைத்தால் பொருளடக்கம் தானாக உருவாகும், பக்கவாட்டில் இயல்களின் பட்டியல் தெரியும், எல்லா இயல் தலைப்புகளின் தோற்றத்தையும் ஒரே இடத்தில் மாற்றலாம். வேர்டிலும் டாக்ஸிலும் கண்ட்ரோல், ஆல்ட், 1 ஆகிய மூன்று விசைகளையும், ரைட்டரில் கண்ட்ரோல், 1 ஆகிய இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முதல்நிலைத் தலைப்பு ஸ்டைல் வந்துவிடும்.

இலக்கிய ஆய்வேட்டில் செய்யுள் மேற்கோள்களைப் பாருங்கள். ஒரு பாடலின் நான்கு அடிகளை உள்தள்ளி எழுதப் பலர் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் இடைவெளி விசையைப் பத்துப் பன்னிரண்டு முறை தட்டுகிறார்கள். எழுத்துருவை மாற்றியதும் அடிகள் படிக்கட்டு போலச் சரிந்து நிற்கும். இதற்கு மாறாகச் "செய்யுள்" என்ற பெயரில் ஒரு ஸ்டைலை உருவாக்கி, இடப்பக்க உள்தள்ளலை ஒரு சென்டிமீட்டரோ ஒன்றரையோ வைத்து, பத்தி இரண்டு பக்கங்களாகப் பிரியாதபடி அமைத்து, அடிகளின் முடிவில் ஷிஃப்ட் விசையுடன் என்டரை அழுத்தினால் பாடல் முழுவதும் ஒரே பத்தியாக நிற்கும். இந்த ஸ்டைலுக்கு மட்டும் இருபுறச் சீரமைப்பைத் தவிர்த்து இடப்புறமாக நிறுத்துங்கள். இல்லையேல் குறுகிய அடிகளின் சீர்களுக்கு இடையே பெரிய வெளிகள் விழக்கூடும். வேர்டிலும் ரைட்டரிலும் இவ்வாறு புதிய ஸ்டைலுக்குப் பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம். டாக்ஸில் ஏற்கெனவே உள்ள தலைப்பு, உரை ஸ்டைல்களை மாற்றியமைக்க முடியுமே தவிர, நாமே பெயரிட்டுப் புதிதாகச் சேர்க்கும் வசதி இல்லை. செய்யுள் மேற்கோள் மிகுந்த ஆய்வேட்டுக்கு இந்த ஒரு குறையே பெரிது.

## மைக்ரோசாஃப்ட் வேர்ட்

தமிழ். வேர்ட் தமிழைக் கூட்டெழுத்து வரிவடிவமாக (காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்) கணக்கில் கொள்கிறது. இதன் விளைவை அறியாதவர்கள் வீணாக நாள்களைச் செலவிடுகிறார்கள். ஒரே ஸ்டைலுக்குள் ஆங்கில எழுத்துக்கு ஓர் எழுத்துரு, ஓர் அளவு என்றும், தமிழுக்கு வேறோர் எழுத்துரு, வேறோர் அளவு என்றும் இரண்டு கணக்குகள் உள்ளன. ஸ்டைலை மாற்றும் பெட்டியில் மேலோட்டமாக 12 என்று வைத்துவிட்டு, தமிழ் மட்டும் ஏன் சிறிதாகவே நிற்கிறது என்று வியப்பவர்கள் அந்தப் பெட்டியின் கீழே உள்ள ஃபார்மட் பொத்தானைச் சொடுக்கி, ஃபான்ட் என்பதைத் திறந்து, "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்" என்ற பகுதியில் தமிழ் எழுத்துருவையும் அளவையும் தனியே தர வேண்டும். அந்தப் பகுதியே கண்ணில் படவில்லை என்றால் ஆபிஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் "1968ஆம் ஆண்டு" என்று எழுதும்போது 1968 ஓர் எழுத்துருவிலும் "ஆம்" வேறோர் எழுத்துருவிலும் நிற்கின்றன. எண்கள் ஆங்கிலத்துக்குரிய எழுத்துருவை ஏற்கின்றன. ஆங்கிலத்துக்கு டைம்ஸ் நியூ ரோமன் என்றும் தமிழுக்கு லதா என்றும் விட்டுவைத்தால் ஆண்டுகளும் பாடல் எண்களும் நிறைந்த பக்கம் ஒட்டுப்போட்டது போல இருக்கும். நிர்மலா யு.ஐ. போன்று தமிழும் எண்களும் ஆங்கில எழுத்தும் ஒருசேர உள்ள எழுத்துருவை இரண்டு இடங்களிலும் தந்துவிடுவது நல்ல தீர்வு.

நீண்ட ஆவணம். இதில் வேர்டின் வலிமை பெரிது. பொருளடக்கம், படப்பட்டியல், அட்டவணைப் பட்டியல், உட்குறிப்பு, சொல்லடைவு எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்து எஃப்9 விசையை அழுத்தினால் அவற்றின் எண்கள் புதுப்பிக்கப்படும். சமர்ப்பிக்கும் நாளில் மறக்கக் கூடாத செயல் இது. முன்பக்கங்களுக்கு ரோமன் எண் இட, அவற்றின் முடிவில் அடுத்த பக்கத்தில் தொடங்கும் பிரிவு முறிப்பை (செக்ஷன் பிரேக்) இட்டு, இரண்டாம் பிரிவின் அடிப்பகுதியில் "லிங்க் டு ப்ரீவியஸ்" என்பதை நீக்கிவிட்டு, எண்ணை மீண்டும் 1 என்று தொடங்க வேண்டும். இதில் பலர் தடுமாறக் காரணம், இணைப்பை நீக்காமலே எண்ணை மாற்றுவதுதான். இயல்களைத் தனிக் கோப்புகளாக வைத்து இணைக்கும் மாஸ்டர் டாகுமென்ட் வசதியை மட்டும் வேர்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். கோப்பு கெட்டுப்போவதற்கு அது பெயர்பெற்றது.

பிறர் கை. பல்கலைக்கழக நெறியாளர்கள் பெரும்பாலும் வேர்டில்தான் திருத்துகிறார்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஈ விசைகளால் திருத்தத் தடத்தை இயக்கிவிட்டுக் கோப்பை அனுப்பினால் அவர் நீக்கியதும் சேர்த்ததும் நிறத்தோடு தெரியும். தடத்தை இயக்காமலே அவர் திருத்திவிட்டாலும் கவலை வேண்டாம்; ரிவ்யூ பட்டியலில் உள்ள கம்பேர் வசதியில் பழைய கோப்பையும் புதியதையும் கொடுத்தால் வேறுபாடுகள் பட்டியலாக வந்துவிடும்.

மறைந்துள்ள செலவு. சந்தா முறையில் வாங்கிய வேர்டில் சந்தா முடிந்தபின் கோப்பைப் படிக்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. நான்கைந்து ஆண்டுகள் நீளும் ஆய்வுக்கு இந்தத் தொடர்செலவைக் கணக்கில் வைக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இணைய வேர்ட் எழுதுவதற்கும் திருத்துவதற்கும் உதவும். சொல்லடைவு போன்றவற்றை உருவாக்க அது போதாது. மாற்றங்களை அவ்வப்போதே சேமிக்கும் ஆட்டோசேவ், கோப்பு ஒன்டிரைவ் போன்ற மைக்ரோசாஃப்ட் மேகச் சேமிப்பில் இருந்தால்தான் இயங்கும். கணினியிலேயே வைத்து எழுதுவோருக்கு வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும் மீட்புப் பிரதிதான் துணை. மின்வெட்டு வந்தால் பத்து நிமிட எழுத்து போகலாம். அந்த இடைவெளியை இரண்டு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

நெறியாளரும் துறையும் வேர்டில் இயங்கும் சூழலில், உட்குறிப்பும் சொல்லடைவும் உள்ள பெரிய ஆவணத்துக்கு, சந்தாவையோ ஒருமுறை விலையையோ தாங்க முடிகிறவருக்கு வேர்டே ஏற்றது.

## லிப்ரே ஆபிஸ் ரைட்டர்

தமிழ். ஓபன் ஆபிஸிலிருந்து 2010இல் பிரிந்து வந்த லிப்ரே ஆபிஸ் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் இலவச மென்பொருள். 2017இல் வந்த 5.3 பதிப்பு முதல் எழுத்தை அமைக்கும் பொறியாக ஹார்ஃப்பஸ் எல்லா இயங்குதளங்களிலும் பயன்படுவதால், தமிழ் எழுத்துகள் எங்கும் ஒரே விதமாக அமைகின்றன. பழைய பதிப்பில் கொம்பும் காலும் பிரிந்து நின்றதைக் கண்டு இதைக் கைவிட்டவர்கள் மறுபடி முயன்று பார்க்கலாம். இதிலும் மேற்கத்திய எழுத்துருவுக்கும் தமிழ் போன்றவற்றுக்கான சி.டி.எல். எழுத்துருவுக்கும் தனித்தனிக் கணக்குதான். ஆனால் எழுத்துருப் பெட்டியில் இரண்டும் வெளிப்படையாகத் தெரிவதால் வேர்டில் ஏற்படும் குழப்பம் குறைவு. சி.டி.எல். பகுதி தெரியாவிட்டால் விருப்பங்களில் மொழி அமைப்புக்குச் சென்று அதை இயக்க வேண்டும்.

நீண்ட ஆவணம். என் மதிப்பீட்டில் நீண்ட ஆவணத்துக்கு மூன்றிலும் ஒழுங்கான கட்டமைப்புடையது இதுதான். பத்திக்கு மட்டுமன்றிப் பக்கத்துக்கும் இதில் ஸ்டைல் உண்டு. முன்பக்கம், இயலின் முதல் பக்கம், உள்பக்கம் எனத் தனித்தனிப் பக்க ஸ்டைல்களை அமைத்து, எதற்குப் பின் எது வர வேண்டும் என்று சொல்லிவிட்டால், ரோமன் எண்ணும், இயலின் முதல் பக்கத்தில் மேல்வரி வராமல் இருப்பதும் தாமாகவே நடக்கும். எஃப்5 விசையால் திறக்கும் நேவிகேட்டரில் ஓர் இயலின் தலைப்பை மேலே நகர்த்தினால் அந்த இயல் முழுவதும் தன் அடிக்குறிப்புகளோடு இடம் மாறும், குறிப்பு எண்களும் வரிசையாகத் திருந்திவிடும். இயல்களைத் தனிக் கோப்புகளாக வைத்து மாஸ்டர் கோப்பில் இணைக்கும் முறையையும் இங்கே நம்பிப் பயன்படுத்தலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் இயல்வாரியாகப் பி.டி.எஃப். கோப்புகள் ஏற்றப்படுவதால் இந்த அமைப்பு அதற்கும் உதவும்.

தேடி மாற்றும் பெட்டியில் வடிவக் கோவைகளை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்), அதாவது ஒரு சொல்லுக்குப் பதிலாக ஓர் எழுத்தமைப்பையே தேடும் குறிகளை, பயன்படுத்த முடிவது இன்னொரு நன்மை. முற்றுப்புள்ளிக்கு முன் விழுந்த தேவையற்ற இடைவெளிகளையும் இரட்டை இடைவெளிகளையும் ஆவணம் முழுவதும் ஒரே முறையில் நீக்கிவிடலாம். வேர்டிலும் டாக்ஸிலும் இதற்கு ஒப்பான வசதிகள் உண்டு.

பிறர் கை. குறை இங்கேதான். ரைட்டரில் எழுதி வேர்ட் வடிவத்தில் சேமித்து நெறியாளருக்கு அனுப்பி, அவர் திருத்தியதை மீண்டும் ரைட்டரில் திறந்து, இப்படிப் பலமுறை போய்வந்தால் எண்ணிட்ட பட்டியல், உரைப்பெட்டி, பக்க ஸ்டைல் ஆகியவற்றில் சிறுசிறு பிசகுகள் சேரும். வரி முறியும் இடங்கள் இரண்டிலும் வேறுபடுவதால் பக்கங்களின் எண்ணிக்கையும் மாறும். மூலப் பிரதியை எப்போதும் ரைட்டரின் ஓ.டி.டி. வடிவத்திலேயே வைத்துக்கொண்டு, நெறியாளருக்கு வேர்ட் வடிவப் படியை மட்டும் அனுப்பி, அவர் சொன்ன திருத்தங்களை மூலத்தில் நாமே செய்வது பாதுகாப்பான வழி. நேரம் கூடுதலாகும், இதுவே ரைட்டரின் மறைந்துள்ள செலவு. பணச்செலவு ஏதும் இல்லை. ஓ.டி.டி. என்பது 2006 முதல் பன்னாட்டுத் தர நிறுவனம் ஏற்ற திறந்த தரம் என்பதால், இருபது ஆண்டு கழித்தும் கோப்பைத் திறக்க முடியுமா என்ற கவலையும் குறைவு.

விருப்பங்களில் ஏற்றல், சேமித்தல் பகுதியில் "எப்போதும் காப்புப்படி எடு" என்ற பொருள்படும் தேர்வை இயக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய நிலை தனிக் கோப்பாக நிற்கும்.

தனியாக எழுதுபவருக்கும், லினக்ஸ் பயன்படுத்துபவருக்கும், இறுதியில் பி.டி.எஃப். மட்டும் கொடுத்தால் போதும் என்ற நிலையில் உள்ளவருக்கும் ரைட்டரைத் தயங்காமல் சொல்வேன்.

## கூகுள் டாக்ஸ்

தமிழ். எழுத்துருவுக்கு ஒரே கணக்கு என்பதால் மேலே சொன்ன இரட்டை அளவுச் சிக்கல் இங்கே இல்லை. எழுத்துருப் பட்டியலில் மேலும் எழுத்துருக்கள் என்பதைத் திறந்து வரிவடிவமாகத் தமிழைத் தேர்ந்தால் நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், காட்டமரன் முதலியவை கிடைக்கும். நம் கணினியில் உள்ள எழுத்துருவை இதில் சேர்க்க முடியாது. பல்கலைக்கழகம் குறிப்பிட்ட ஓர் எழுத்துருவைக் கேட்டு அது கூகுளின் தொகுப்பில் இல்லையென்றால் இறுதி வடிவத்தை இங்கே எடுக்க வழியில்லை.

இதன் உண்மையான பலம் எழுத்தைத் திரட்டும் கட்டத்தில்தான். குரோம் உலாவியில் டூல்ஸ் பட்டியலிலிருந்து குரல்வழித் தட்டச்சைத் திறந்து மொழியைத் தமிழாக வைத்தால், பேசப் பேச எழுத்தாகிறது. தமிழுக்கு நிறுத்தக்குறிகளைச் சொல்லி இட முடியாததால் காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் பிறகு கையால்தான் இட வேண்டும். களப்பணி நேர்காணலைக் கேட்டு, அதைத் தாமே வாய்விட்டுச் சொல்லி எழுத்தாக்குவோருக்கு இது மிகப் பயனுடையது. அடுத்தது, பழைய நூலின் பக்கத்தைப் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் உள்ளிருக்கும் தமிழ் எழுத்துகள் உரையாகக் கிடைக்கும். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை ஏற்றிய தன்னார்வலர்களுக்குக் கூகுளின் இந்த எழுத்துணரி பெரிதும் கைகொடுத்தது. கிடைக்கும் உரையைக் காலுக்கும் ரகரத்துக்கும், ணகரத்துக்கும் னகரத்துக்கும் இடையிலான குழப்பங்களுக்காக மூலத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் ணை, லை, றா போன்றவற்றைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

நீண்ட ஆவணம். பொருளடக்கமும் அடிக்குறிப்பும் உண்டு. சொல்லடைவு இல்லை, முன்பக்கங்களுக்கு ரோமன் எண் இட நேரான வழியும் இல்லை. ஒரு கோப்பில் 10,20,000 குறியீடுகள் வரைதான் இடம். தமிழில் ஓர் எழுத்து ஒரு குறியீடு அல்ல என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்: "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து குறியீடுகள் தேவை. ஆகவே வரம்பு நாம் எண்ணுவதைவிட விரைவில் நெருங்கும். அதற்கு முன்பே பெரிய கோப்பு, குறிப்பாகப் பழைய கணினியில், மெதுவாகிவிடும் என்பதால் இயலுக்கு ஒரு கோப்பாக எழுதுவதே நல்லது.

பிறர் கை. இதில் டாக்ஸுக்கு இணை இல்லை. நெறியாளருக்குக் கருத்துரைக்கும் உரிமையை மட்டும் கொடுத்தால் அவர் மாற்றுவதெல்லாம் பரிந்துரைகளாகவே நிற்கும். பதிப்பு வரலாற்றில் எந்த நாளின் நிலைக்கும் திரும்பலாம். ஒவ்வோர் இயலையும் நெறியாளருக்குக் காட்டும் நாளில் அந்த நிலைக்கு ஒரு பெயரிட்டு வைத்தால் பின்னால் தேடுவது எளிது. "இறுதி", "இறுதி 2", "புதிய இறுதி" என்று கோப்புகள் பெருகும் நிலைமை இதனால் முழுவதும் நீங்குகிறது. கைப்பேசியில் எழுதுவோருக்கும் இதுவே வசதி.

மறைந்துள்ள செலவு. பல்கலைக்கழகம் கொடுத்த கணக்கில் ஆய்வேட்டை எழுதினால், படிப்பு முடிந்து அந்தக் கணக்கு மூடப்படும்போது கோப்புகளும் போய்விடக்கூடும். சொந்தக் கணக்கிலும் 15 ஜிபி என்பது மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கையும் அதிலுள்ளவற்றையும் நீக்கும் உரிமை கூகுளுக்கு உண்டு. இணையம் இல்லாத இடத்தில் எழுத வேண்டுமானால் ஆஃப்லைன் வசதியை இணையம் இருக்கும்போதே இயக்கியிருக்க வேண்டும். மாதம் ஒருமுறை எல்லா இயல்களையும் வேர்ட் வடிவில் பதிவிறக்கி வேறிடத்தில் வைப்பதைத் தவறவிடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வேர்ட் | ரைட்டர் | டாக்ஸ் |
|---|---|---|---|
| தமிழ் எழுத்துரு அமைப்பு | இரட்டைக் கணக்கு, மறைந்திருக்கும் | இரட்டைக் கணக்கு, வெளிப்படை | ஒரே கணக்கு. சொந்த எழுத்துரு இல்லை |
| புதிய ஸ்டைல் உருவாக்கம் | உண்டு | உண்டு. பக்கத்துக்கும் உண்டு | இல்லை |
| சொல்லடைவு | உண்டு | உண்டு | இல்லை |
| முன்பக்க ரோமன் எண் | பிரிவு முறிப்பால் | பக்க ஸ்டைலால் | நேரான வழி இல்லை |
| நெறியாளர் திருத்தம் | நன்று | வேர்டுடன் போய்வந்தால் பிசகு | மிக நன்று |
| குரல்வழித் தமிழ், எழுத்துணரி | டாக்ஸ் அளவுக்குப் பரிந்துரைக்க இயலாது | இல்லை | நன்று |
| செலவு | சந்தா அல்லது விலை | இல்லை | இல்லை. கணக்கைச் சார்ந்தது |

எழுத்துப்பிழைத் திருத்தத்தை அட்டவணையில் சேர்க்கவில்லை. சொல்லோடு உருபுகளும் சாரியைகளும் சேர்ந்துகொண்டே போகும் மொழிக்கு இம்மூன்றும் தரும் உதவியை நம்பி ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, சந்திப்பிழைக்கான நாவி ஆகிய இணையக் கருவிகளில் இயல் இயலாக இட்டுப் பார்த்துவிட்டு, அதன்பின் மெய்ப்புத் திருத்துபவர் ஒருவரிடம் கொடுப்பதே முறை. மேற்கோள் மேலாண்மைக்கான சொட்டேரோ மூன்றோடும் இணைந்து இயங்குவதால் அதுவும் தேர்வைப் பாதிப்பதில்லை.

## நூலாக அச்சிடுவோர் கவனிக்க

ஆய்வேடு பி.டி.எஃப். ஆகி முடிந்துவிடும், நூலோ வடிவமைப்பாளர் கைக்குப் போகிறது. அவர் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் ஒருங்குறிக்கு ஏற்ற அமைப்பைப் பயன்படுத்துபவர் என்றால் வேர்ட் வடிவக் கோப்பைக் கொடுத்தால் போதும். ஸ்டைல்களை ஒழுங்காக இட்டிருந்தால் அவருடைய வேலை பாதியாகும். ஆனால் தமிழகத்தில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் பக்கம் அமைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. ஒருங்குறித் தமிழ் அதில் இயங்காது. அங்கே நம் எழுத்து பழைய குறியாக்க எழுத்துரு ஒன்றுக்கு மாற்றப்படும். இலங்கையில் இது பெரும்பாலும் பாமினியாக இருக்கும். மாற்றும்போது அடிக்குறிப்புகள் உரையிலிருந்து பிரிந்து போகலாம், சாய்வும் தடிமனும் மறையலாம், நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறலாம். இத்தகைய அச்சகத்துக்குக் கொடுப்பதானால் கோப்புடன் பி.டி.எஃப். ஒன்றையும் கொடுத்து, மெய்ப்பை அந்தப் பி.டி.எஃப். உடன் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். அதற்கான நாள்களை முன்பே ஒதுக்க வேண்டும். மூன்று மென்பொருள்களில் எதைத் தேர்ந்தாலும் இந்தச் செலவு மாறாது. அதனால்தான் எழுதத் தொடங்கும் முன்பே பதிப்பகத்திடம், பக்கம் எதில் அமைக்கப்படுகிறது என்று கேட்டுவிடச் சொல்கிறேன்.

## இரண்டைச் சேர்த்துப் பயன்படுத்தலாமா?

சேர்த்துப் பயன்படுத்தலாம், பலருக்கு அதுவே சிறந்த தீர்வு. தரவு திரட்டல், நேர்காணல், முதல் வரைவு, நெறியாளரின் கருத்துரை ஆகியவற்றை டாக்ஸில் இயல்வாரியாக முடித்துவிட்டு, எல்லா இயல்களும் ஒப்புதல் பெற்றபின் வேர்டுக்கோ ரைட்டருக்கோ ஒரே முறை மாறி, அங்கே ஸ்டைல், பக்க எண், சொல்லடைவு வேலைகளைச் செய்யலாம். மாறுவது ஒரு திசையில், ஒரே முறை என்பதில் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். மாறிய பின்னரும் நெறியாளர் பழைய டாக்ஸ் கோப்பில் திருத்திக்கொண்டிருந்தால் எது மூலம் என்பதே தெரியாமல் போகும். ஆகவே மாறிய அன்றே அந்தக் கோப்புகளைப் பார்வைக்கு மட்டும் என்று மாற்றிவிட வேண்டும்.

இன்னும் முடிவுக்கு வர முடியாதவர்கள் ஒரு மாதிரிக் கோப்பை உருவாக்கிப் பார்க்கலாம். பத்துப் பக்கம் போதும். அதில் இரண்டு நிலைத் தலைப்புகள், நான்கடிச் செய்யுள் ஒன்று, ஆண்டுகளும் ஆங்கிலச் சொற்களும் கலந்த ஒரு பத்தி, ஐந்து அடிக்குறிப்புகள், ஓர் அட்டவணை, வரிசைப்படுத்திய பத்து நூற்பெயர்கள் ஆகியவை இருக்கட்டும். அதை நெறியாளருக்கு அனுப்பி ஒரு திருத்தம் செய்து திருப்பித் தரச் சொல்லுங்கள். நூல் என்றால் வடிவமைப்பாளருக்கும் அனுப்பி ஒரு பக்கம் அமைத்துக் காட்டச் சொல்லுங்கள். திரும்பி வந்த கோப்பில் அடிக்குறிப்பு எண்களையும், செய்யுளின் அடிகளையும், எண்களின் எழுத்துருவையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, முதல் இயலின் முதல் வரியை எதில் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்.